வயிற்றைக் காட்டிய நண்டு

கற்பிட்டி பஸ்ஸின் பின்கண்ணாடியில் அந்த நண்டை இன்றும் பார்த்தேன். உருண்டை முழி, தூக்கிய கொடுக்கு. என்னுடைய நண்டு, நான் வரைந்தது. வாய் வைக்காமல் கீறியதால் அது எந்த மொழியும் பேசவில்லை. எல்லோரும் தங்களுடையது என்றார்கள். கைத்தொலைபேசி விளையாட்டில் கொள்ளையரோடு மோதிய அதே நண்டு, தலைக்கவசம் போட்டதும் வீதி ஒழுங்கு சொன்னது. விளக்குமாறு பிடித்ததும் டெங்கு ஒழித்தது. புத்தகப்பையிலும் ஐஸ்கிறீம் வண்டியிலும், சிலாபத்துச் சிங்களப் பிள்ளைகளின் சட்டையிலும் இருந்தது. எதற்கும் பொருந்துகிற சீவன்.

ஆனால் அதைக் கீறியவர் என்று ஊர் கொண்டாடியது, பாலாவியில் கணினி வகுப்பு நடத்திய சேரை. நான் அவரிடம் வேலை செய்தேன். அவர் செய்த விளையாட்டுக்காக, எத்தாளையில் அம்மா வலையிலிருந்து கழற்றும் நண்டைப் பார்த்து நான் கீறியது அது. விளையாட்டு வெளிவந்தபோது அவர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டேன். "உங்கட பெயரைப் போட்டா ஆர் வாங்குவினம், பிள்ளை?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்டுக்கு அவர் 'வீரத்தம்பி' என்று பெயர் வைத்திருந்தார். அது பிழை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வருடம் காத்திருந்தேன். எத்தாளை மீனவர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்த அழைத்தார்கள். அம்மாவை முன்வரிசையில் இருத்தியது நான்தான். திரையில் நண்டு வென்று, மல்லாக்கப் புரண்டு வயிற்றைக் காட்டியது.

"சேர், இது ஆணோ பெட்டையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஆண்தான் அம்மா. ஒவ்வொரு கோடும் நான் யோசிச்சுக் கீறினது."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆண் நண்டின் வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருக்கும். பெட்டையின் மடல் அகன்று வட்டமாக இருக்கும்; திரையில் தெரிந்ததும் அதுதான். சினை நண்டைத் தண்ணீரில் விடவேண்டும் என்பதால், வலை கழற்றுகிற சனம் முதலில் பார்ப்பது வயிற்றைத்தான்.

"உங்கட தம்பி எப்ப சேர் முட்டை போடுவார்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சேர் திரையைப் பார்த்து முழித்தார். எதைப் பார்ப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. நான் எழும்பி, "கீறினது நான்" என்றேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேற்ற பெயரையும் போடுவம் பிள்ளை. அந்த வயிற்றை மட்டும் மாத்தித் தாங்கோ. போற இடமெல்லாம் சிரிக்கினம்."

"முதல்ல உங்கட பெயரை எடுங்கோ சேர். பிறகு கதைப்பம்."

எடுத்தார். இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது. வயிற்றை நான் மாற்றவில்லை. மாற்றுவதாக எங்கே சொன்னேன்?