இரண்டாவது நோட்டீஸ்

லாட்ஜ் ஆபீஸ் அறையில் அன்று இருந்தவர்கள் முதலாளி, கல்லாவில் உட்காரும் அவர் மைத்துனர், ரிசப்ஷனில் வேலை பார்த்த நான். என் அப்பா, நைனா, அங்கே இல்லை. முதலாளி போன் போட்டு வரவழைத்தது நைனாவைத்தான். ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. நாராயணவனத்திலிருந்து பஸ் மாறி திருப்பதிக்கு வந்தவர், ரிசப்ஷன் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

முந்தைய நாள் நான் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்திருந்தேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். அது முதலாளியின் பீரோவில் இருந்தது. படித்து வருகிறவர்களிடம் முதல் நாளே வாங்கிப் பூட்டிவிடுவார். எங்கள் குடும்பத்துக்கே அது ஒன்றுதான் சர்டிபிகேட்.

“ஏமய்யா, இதென்ன கலெக்டர் ஆபீசா? நோட்டீசெல்லாம் குடுக்கிற?” என்றார் முதலாளி.

“ரூம்பாய்ங்க சொல்லாம ஓடுவானுங்க பாவா. இவன் படிச்சவன், காயிதத்துல எழுதிக்கினு வந்துகிறான்” என்றார் மைத்துனர்.

“மூணு வருசம் ஆகாம சர்டிபிகேட் கிடையாது.” முதலாளி எழுந்து வெளியே போனார். நைனாவிடம், எல்லோர் காதிலும் விழும்படி, “உன் புள்ளைக்குப் படிப்பு ஏறிச்சு, புத்தி ஏறலை” என்றார்.

நைனா கை கூப்பினார். “சின்னப் புள்ள சாமி. நீங்கதான் பாத்துக்கணும்.”

பஸ் ஸ்டாண்டில் நைனா ஒன்றுதான் கேட்டார். “இன்னாத்துக்குடா சொன்ன? சொல்லாம போயிருந்தா அந்தாளுக்கு நான் கும்பிடு போட்டிருப்பனா?”

அந்தக் கை கூப்பல் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் முதலாளி முன்னாலேயே கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதம் வாயைத் திறக்காமல் வேலை செய்தேன். பிறகு, பேங்க் லோனுக்கு ஒரிஜினலைக் காட்ட வேண்டும் என்று பொய் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார்.

முதலாளியின் சுவரில் தொங்குவது தெலுங்குக் காலண்டர். அதில் புரட்டாசி என்று ஒரு மாதமே கிடையாது. புரட்டாசி சனிக்கிழமைக்கு அரக்கோணம், வாலாஜா பக்கமிருந்து வரும் ஐந்து பஸ்காரர்களும் என் போனுக்குத்தான் பேசுவார்கள். தமிழில் பேச்சு, அட்வான்ஸ் கிடையாது. நான் தேதி சொன்னால் முதலாளி இருபத்திரண்டு அறைகளையும் அவர்களுக்காகப் பூட்டி வைப்பார். அந்த வருடமும் மூன்றாம் சனிக்கு முந்தைய வெள்ளி என்று சொன்னேன். பூட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து, யாரிடமும் சொல்லாமல் பையோடு கிளம்பினேன். நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து பஸ்காரர்களுக்கும் கொடுத்தேன். “நான் இப்ப அங்க இல்லைங்க. எதிர் லாட்ஜுல சொல்லி வெச்சிருக்கேன், அங்க இறங்குங்க.”

வெள்ளி சாயங்காலம் மைத்துனர் கூப்பிட்டார். “பஸ்ஸெல்லாம் எங்கடா?”

“எதிர் லாட்ஜுல நின்னுக்கினு இருக்கும் பாருங்க சார்.”

எட்டிப் பார்த்திருப்பார். “போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“ஆவணியிலயே சொன்னேன் சார். காயிதத்துல.”

அன்று காலையிலிருந்து ரூம் கேட்டு வந்தவர்களையெல்லாம், பஸ் வருகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு பூட்டும் திறக்கவில்லை. இருபத்திரண்டு அறை, அறைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். நாற்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்.