பெருவிரலுக்கு ஒரு பி.சி.ஆர்.

என் வலது காற் பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்தபோது, அது பங்கசு என்னும் பூஞ்சைத் தொற்று என்று முதலில் தீர்ப்புச் சொன்னவள் என் மனைவி. மறுநாளே எனக்குத் தனித் துவாய், தனிச் சவர்க்காரம்.

சண்டிலிப்பாயிலிருந்து பேருந்தேறித் திருநெல்வேலியில் தோல் வைத்தியரிடம் போனோம். பங்கசு என்றால் நாளுக்கு ஒரு குளிசை வீதம் பன்னிரண்டு கிழமை என்றார். எண்பத்து நான்கு! என் ஈரல் தாங்குமா என்று கேட்டேன்.

"அதுதான் ஐயா, சும்மா தரமாட்டன். முதல் உது பங்கசுதானோ எண்டு பாப்பம். நகத்துக்கு ஒரு பி.சி.ஆர். செய்வம்."

கொரோனாக் காலத்தில் நான் நான்கு தரம் பி.சி.ஆர். செய்தவன். 'நகத்துக்கு' என்ற சொல் காதில் ஏறவில்லை. ஆய்வுகூடத்தில் கதிரையில் அமர்ந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை இறுக மூடிக்கொண்டேன். இருபத்தாறு வரை எண்ணியும் மூக்குக்குள் ஒன்றும் நுழையவில்லை.

"ஐயா, மூக்கு எனக்கு வேண்டாம். காலைத் தாங்கோ," என்றாள் பரிசோதனை செய்யும் பெண்.

"முப்பத்தைஞ்சு வருஷம் கணக்குப் படிப்பிச்சவர், பிள்ளை. கேள்வியை வாசியாமல் விடை எழுதுறார்," என்றாள் மனைவி.

அந்தப் பெண் நகத்தைச் சுரண்டி ஏழு துணுக்குகளைக் குப்பியில் போட்டாள். பங்கசின் மரபணு சிறிதளவு இருந்தாலும் இயந்திரம் அதைப் பல கோடியாகப் பெருக்கிக் காட்டிவிடுமாம்.

"இல்லாததையும் பெருக்கிப்போடாதோ?"

"பூச்சியத்தை எத்தினையாலை பெருக்கினாலும் பூச்சியம்தானே ஐயா."

அந்த விடைக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

சண்டிலிப்பாய்க்குத் திரும்பியபோது செய்தி எங்களுக்கு முன்னே வந்திருந்தது. அயல் வீட்டுப் பெண் உள்ளே வராமல் படலையடியிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணைக்கு பி.சி.ஆர். எடுத்ததாம். இருமல் இருக்கோ?"

"இல்லை, காலிலை எடுத்தது," என்றாள் மனைவி.

"ஐயோ, இப்ப காலாலையும் பரவுதோ?"

முடிவு வர ஐந்து நாட்கள். ஐந்து நாளும் ஈரல் இருக்கும் பக்கத்தைத் தடவியபடி இருந்தேன். எந்தப் பக்கம் என்பதில் இரண்டு தடவை ஐயம் வந்தது.

ஆறாம் நாள் வைத்தியர் தாளைப் பார்த்தார்.

"பங்கசு இல்லை ஐயா. இறுகின சப்பாத்து அமத்தி நகம் தடிச்சிருக்கு. குளிசை தேவையில்லை."

"வடிவாய்ப் பாத்தனீங்களோ, டொக்டர்?"

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் பங்கசு இல்லை என்றார்.

பேருந்தில் அமர்ந்ததும் குனிந்து இடது காற் பெருவிரலைப் பார்த்தேன். அதன் ஓரமும் சற்று மங்கலாகத் தெரிந்தது.

"உதைப் பாக்கவேண்டாம்," என்ற மனைவி, வரும் வழியில் சந்தையில் வாங்கிய பூசணிக்காய் இருந்த பையைத் தூக்கி அந்தக் காலின்மேல் வைத்தாள்.