அங்கே இருக்கிற மலை

இன்று காலை கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தேன். ஜப்பானில் ஒரு கடலோர ஊரில் வேலை செய்கிறான்.

"பெரிய நிலநடுக்கம்கா. சுனாமி வரும்னு பின்னாடி இருக்கிற மலை மேல ஏறச் சொல்றாங்க. ஏறிக்கிட்டே இருக்கேன்."

அதன் பிறகு நான் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான்.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா ஆச்சு?" என்றாள். சொன்னேன்.

"பூமி ஏன்கா அப்டி ஆடுது?"

நான் புவியியல் டீச்சர். வாய் தானாகப் பாடம் நடத்தியது. கடலடித் தட்டு நிலத்தட்டுக்குக் கீழே நுழைந்து மாட்டிக்கொள்ளும். காலங்காலமாக அழுத்தம் சேரும். ஒருநாள் சட்டென்று விடுபட்டு, மேலே இருக்கிற கடலையே தூக்கிவிடும்.

"இத்தினி காலம் மாட்டிக்கினு இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருந்தா இன்னாவாம்?"

தம்பி கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருக்கிறான்.

திருவண்ணாமலை நெருங்கியதும் மலை தெரிந்தது. வழக்கம்போல பஸ்ஸே கையெடுத்துக் கும்பிட்டது. நான் கும்பிடுகிற ஆள் இல்லை. அவள் என் கையைப் போனோடு சேர்த்து மலைப்பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இவருகிட்ட சொல்லிடுக்கா. அங்க இருக்கிற மலைய கெட்டியா நிக்கச் சொல்லுவாரு."

பஸ் ஸ்டாண்ட் வரும்வரை நான் கையை இறக்கவில்லை.

இப்போதும் ஒற்றை டிக்.

தட்டுகள் எப்படி நகர்கின்றன என்று யாரும் கமெண்டில் விளக்க வேண்டாம், அது எனக்கே தெரியும். ஜப்பானில் இருப்பவர்கள், கடலோர மலைகள் எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள், பரவாயில்லை.