சிப்பு போட்டா வண்டி பறக்குமா மக்கா?

எஞ்சின் கம்ப்யூட்டருல கை வைக்கத எல்லாம் ஒரு தொழிலாண்ணு கேட்டா, வண்டி நாசமாச்சுண்ணா அது எனக்க தொழிலு, நல்லா ஓடிச்சுண்ணா ஓட்டுனவனுக்க திறமை.

லேய், என்னத்துக்குச் சிரிக்கிய? உங்கள எனக்குத் தெரியாதா? வடசேரி சந்தையில கத்திரிக்காய் வாங்கப் போனாலும் ஸ்போர்ட் மோடு அமுக்கிட்டுப் போறவனுவதான நீங்க. ராத்திரி முழுக்க வீடியோ பாத்துட்டு, காலையில எனக்கு போன் போட்டு, "புரோ, சிப்பு போட்டா எவ்வளவு ஏறும்?"ண்ணு கேக்கவனுவ. உங்களுக்காகத்தான் இதச் சொல்லுகேன், நல்லா இருந்து கேளுங்க.

நான் இஞ்சினியரிங் பாதியில இறங்குனவன். காலேஜு என்னைய விட்டுச்சா, நான் காலேஜ விட்டனாண்ணு வீட்டுல இன்னும் தீர்ப்பாகல்ல. எனக்க கூடவே இறங்குனவன் சுபின். ரெண்டு பேரும் சேந்து தோவாளைப் பக்கம் ரோட்டோரத்துல ஒரு தகர ஷெட்டு போட்டோம். இப்பம் உள்ள வண்டியில ஒரு கம்ப்யூட்டர் உண்டு, எப்பம் எவ்வளவு பெட்ரோல் போணும், எப்பம் தீப்பொறி விழணும்ணு எஞ்சினுக்கு உத்தரவு போடுகது அதுதான். முன்ன எல்லாம் அதுல உள்ள சிப்ப கழத்திட்டு வேற சிப்பு மாட்டுவாவ. இப்பம் லாப்டாப்புல இருந்து கேபிள் சொருகி, அந்த உத்தரவ மாத்தி எழுதி விட்டாப் போதும். ஆனா வாறவன் எல்லாம் சிப்புண்ணுதான் சொல்லுவான். நானும் திருத்தப் போறதில்ல.

இந்தச் சோலிக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி நிக்குத ரோட்டுல வண்டிய மிதிக்கணும். பக்கத்து சீட்டுல ஒருத்தன் லாப்டாப்ப மடியில வச்சு, வாற நம்பர வாசிச்சுட்டே இருக்கணும். சுபின்தான் வாசிப்பான். அவன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனப்பம், "கொஞ்ச நாளு பாத்துட்டு வந்திருவேன், ஷெட்ட பூட்டிராதலே"ண்ணு சொல்லிட்டுப் போனான். நான் பூட்டல்ல. அவன் வருவானா மாட்டானாண்ணுதான் பாத்துட்டு இருக்கேன். அதுவரைக்கும் பக்கத்து சீட்டுல வண்டிக்காரனையே உக்கார வச்சு ஒப்பேத்துகேன்.

லைட்டு எரியுத டப்பா

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு காலேஜு வாத்தியாரு சிவப்பு கலர்ல ரெண்டு கதவு வண்டி கொண்டு வந்தாரு. ஆன்லைன்ல வாங்குன ஒரு டப்பாவ ஸ்டியரிங்குக்கு அடியில சொருகி வச்சிருக்காரு. பச்சை லைட்டு மினுங்கிட்டே கெடக்கு. "இத மாட்டுன பொறவு வண்டி நல்லா இழுக்கு தம்பி, இதுக்கு மேல நீ என்ன செய்வ?"ண்ணாரு. சரி, பாத்திருவோம்ணு டப்பாவோட ஒரு ஓட்டம், டப்பா இல்லாம ஒரு ஓட்டம் போனோம். லாப்டாப்புல ரெண்டு ஓட்டத்துக்க கோடும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு அப்படியே ஒட்டிட்டு நிக்கு.

அவருக்கு நம்பிக்கை வரல்ல. டப்பாவ நெம்பித் திறந்தேன். உள்ள அந்த லைட்டும், லைட்டு மினுங்கதுக்கு உண்டான சாமானும் கெடக்கு, வேற ஒரு மண்ணும் இல்ல. எஞ்சினுக்குப் போற கம்பி டப்பாவத் தொடக்கூட இல்ல. மனுசன் மூக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடச்சு மாட்டி, ரொம்ப நேரம் அதையே பாத்தாரு. பொறவு எனக்க மேல கோவிச்சாரு. "நீ திறக்கது வரைக்கும் நல்லாத்தான் இழுத்துச்சு, இப்பம்தான் இழுக்கல்ல."

கடியப்பட்டணத்து மஞ்சள் வண்டி

கடியப்பட்டணத்துல சொந்தமா மீன்பிடி போட்டு வச்சிருக்க ஒரு அண்ணாச்சி. மகன் கப்பல் வேலைக்குப் போகச்சில விட்டுட்டுப் போன மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரு, வாசல்ல கடல்காத்து குடிச்சுக் கெடந்திருக்கு. "மக்கா, இது பண்டு மாதிரி பாயமாட்டேங்குது. சிப்பு போடு"ண்ணாரு. அது டர்போ இல்லாத எஞ்சின். அந்த மாதிரி வண்டிக்குச் சிப்பு போடுகது, கல்யாணச் சாப்பாடு முடிச்சு எந்திரிச்சவனுக்கு இன்னொரு இட்லி வைக்க மாதிரி. கம்பெனிக்காரன் எடுக்க வேண்டியத எல்லாம் ஏற்கெனவே எடுத்திருப்பான். போட்டாலும் லாப்டாப்புக்குத் தெரியும், ஓட்டுகவனுக்குத் தெரியாது.

பானட்டத் திறந்தா கனெக்டர் எல்லாம் உப்பு பூத்து பச்சை பிடிச்சிருக்கு. ஒரு சாயங்காலம் முழுக்க இருந்து பிரஷ் வச்சு தேச்சு மாட்டினேன். வண்டி பாஞ்சிட்டுப் போச்சு. சிப்பு போடவே இல்லண்ணு சொல்லியும் அவரு நம்பல்ல. மறுநாளு ஒரு பெரிய நெய்மீன்ல பாதிய கொண்டுவந்து தந்துட்டுப் போனாரு. ஒத்தைக்கு அவ்வளவு மீன வச்சு என்ன செய்ய? பொரிச்சு, சட்டியோட போட்டோ எடுத்து சுபினுக்கு அனுப்பினேன். நீல டிக்கு விழுந்துச்சு, அவ்வளவுதான். அண்ணாச்சிதான் போன் போட்டாரு. மீன் எப்படிண்ணு கேக்கப் போறாருண்ணு பாத்தா, "அந்த சிப்புல ஒண்ணு எனக்க போட்டுக்கும் போட்டுத் தா மக்கா, கடல்ல பள்ளமும் கெடையாது, ஸ்பீட் பிரேக்கரும் கெடையாது."

நம்பரு வாசிச்ச அக்கா

கருங்கல்ல இருந்து ஒரு பேங்க்காரரும் அவருக்க வீட்டுக்கார அக்காவும் வந்தாவ. டர்போ வண்டி. இந்த மாதிரி வண்டிக்குத்தான் சிப்பு உள்ளபடியே வேலை செய்யும், ஏண்ணா காத்த இன்னும் கொஞ்சம் அமுக்கி உள்ள தள்ள இடம் உண்டு. எனக்க வண்டிய நான்தான் மிதிப்பேன்ணாரு. சரிண்ணு அக்காகிட்ட லாப்டாப்பக் குடுத்துட்டு நான் பின்னால ஏறினேன். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின் சீட்டுண்ணு ஒண்ணு உண்டுல்லா, அது குடை வைக்க உண்டான எடம். முட்டு ரெண்டும் காதுக்குப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்திருக்கேன்.

அவரு "இப்பம் எவ்வளவு? இப்பம்?"ண்ணு கேக்காரு, அக்கா சொல்லுகாவ. தப்பா சொன்னா சிரிச்சுட்டுத் திருத்துகாவ. எனக்கு அந்த வண்டியில எடம் இருந்துச்சு, வேலை இல்ல. முப்பந்தல் தாண்டி, இழுப்பு கூடக்கூட கிளட்ச்சு வழுக்க ஆரம்பிச்சுச்சு. எஞ்சின் கத்துது, வண்டி அதுக்குத் தக்கன போகல்ல. சாயாக்கடையில நிறுத்தி உள்ளதச் சொன்னேன்: இந்த இழுப்பு வேணும்னா கிளட்ச்சு மாத்தணும், கம்பெனி வாரண்டியும் போயிரும், இல்லண்ணா பழைய கணக்கையே திருப்பிப் போட்டிரலாம். அவரு தலையாட்டிட்டாரு. அக்கா மட்டும் எனக்க பக்கம் சாஞ்சு மெதுவாச் சொன்னாவ. "உடனே திருப்பிராத தம்பி, இன்னும் ரெண்டு மூணு ட்ரையல் போவோம், கல்யாணத்துக்குப் பொறவு இவரு நான் சொல்லத காது குடுத்து கேக்கது இப்பம்தான்."

குலசேகரத்து ரப்பர்காரரு

ரப்பர் தோட்டம் உள்ள இவருக்கு வேகப் பூட்ட எடுக்கணும். கம்பெனி ஒரு வேகத்துக்கு மேல போகாம பூட்டி வச்சிருக்கும், அதத் திறந்து விடணும். எதுக்குண்ணேன். அவருக்க வீட்டுல இருந்து திற்பரப்புக்குப் போற ரோட்ட நீங்க பாத்திருப்பிய. அருவிக்குக் குளிக்க வாற வேன் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம். ரெண்டாவது கியருக்கு மேல அவரு போட்டு நான் பாக்கல்ல. திறந்து விட்டுட்டு, "எங்க போயி ஓட்டுவிய?"ண்ணு கேட்டேன். "ஓட்டுகதுக்கு இல்லடே, வேணும்னா ஓட்டலாம்ணு ஒரு தைரியத்துக்கு."

சுபினுக்க வண்டி

இப்படி இருக்கச்சில சுபின் லீவுக்கு வந்தான். கொச்சியில இறங்கி, அங்கேயே ஒரு பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரு வாங்கி, அவனே ஓட்டிட்டு நேரா ஷெட்டுக்கு வந்து நிக்கான். வீட்டுக்குக்கூட போகல்ல. சாவிய எனக்க கையில போட்டுட்டு, "சிப்பு போடுலே"ண்ணான்.

நான் என்ன நெனைப்பேன்? ஊருல வண்டி வாங்குனவன் ஊருலதான இருப்பான். ஷெட்டப் பெருக்கினேன், ரெண்டாவது நாற்காலியில இருந்த டயர எல்லாம் இறக்கி வச்சேன். அந்த வண்டிக்குச் செஞ்ச வேலைய நான் வேற எந்த வண்டிக்கும் செஞ்சதில்ல. பிளக்கு மாத்தி, நல்ல பெட்ரோல் ஊத்தி, கிளட்ச்சுக்கு எவ்வளவு தாங்கும்ணு பாத்து, அதுக்கு உள்ள நிக்க மாதிரி எழுதினேன். ஆளு மிரட்டுத வெடிச்சத்தம் ஒண்ணும் வைக்கல்ல.

ட்ரையலுக்கு நான் மிதிச்சேன், அவன் லாப்டாப்ப மடியில வச்சான். சர்ச்சுல வேதபாடம் வாசிக்க மாதிரி இழுத்து இழுத்து நம்பர் வாசிச்சான்.

"தட்டுதா?"ண்ணேன். எஞ்சின் தாங்கல்லண்ணா உள்ள தட்டும், அதத்தான் முதல்ல பாக்கணும்.

"தட்டல்ல. மிதி."

"இப்பம்?"

"லேய், இங்க பாக்காத, ரோட்டப் பாரு. மிதி."

காத்தாடி எல்லாம் பின்னால ஓடுது. உள்ளதச் சொன்னா, இத்தன வண்டியில சிப்பு போட்டதுக்குப் பிரயோசனம் இருந்தது அந்த ஒரு வண்டியிலதான். எந்த கியருல மிதிச்சாலும் முதுக சீட்டோட ஒட்டி வச்சுச்சு. ஆரல்வாய்மொழியில நிறுத்தி ரசவடை தின்னு கட்டங்காப்பி குடிச்சோம். அவன் இன்னும் லாப்டாப்புல அந்தக் கோட்டையே பாத்துச் சிரிச்சுட்டு இருக்கான். அப்பம்தான் கேட்டேன், "அப்பம் இனி இங்கதான?"

லீவுக்கு வாறவனுவ ஓட்டதுக்குண்ணு ஒரு வண்டி வாங்கி, போகச்சில வித்துட்டுப் போறது ஊருல உள்ள வழக்கம்தான். அது எனக்கு அந்த நேரம் ஞாபகத்துல வரல்ல. அவன் அந்தக் கோட்டப் பாத்துட்டே சொன்னான், "செமையா இழுக்கு மக்கா, நான் அடுத்த வாரம் போயிருவேன், ஷெட்டுல நிக்கட்டு, நல்ல ஆளு வந்தா வித்திரு."

வாங்க வாறவனுவ

வண்டி ஷெட்டுல நிக்கு. ஆளும் வாறான். நான் ஒருத்தனுக்கும் பொய் சொல்லல்ல. சிப்பு போட்ட வண்டியாக்கும், கிளட்ச்சு என்னைக்கிண்ணாலும் போகும், வாரண்டி கேக்கவே செய்யாத, சாதா பெட்ரோல் ஊத்துனா தட்டும், இன்சூரன்ஸ்காரன் தெரிஞ்சா கை விரிப்பான்ணு எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வைக்கேன். உங்ககிட்ட போன்ல "பறக்கும் புரோ"ண்ணு சொன்ன அதே வாயிதான்.

போன வாரம் இரணியல்ல இருந்து ஒரு நகைக்கடைக்காரரு கையில அட்வான்சோட வந்தாரு. ட்ரையல் கேட்டாரு. பேட்டரி வீக்குண்ணேன். ஜம்பர் கேபிள் வாங்கிட்டு வரட்டாண்ணாரு. மழை வருகுண்ணேன். அவரு வானத்தப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, வண்டிக்கு மேல நான் போட்டு வச்சிருந்த கவரையும் பாத்தாரு. "தம்பி, நீ வண்டி விக்கியா, இல்ல காவலு நிக்கியா?"

இப்பம் சுபின் வெள்ளிக்கிழம தோறும் போன் போடுகான். "வண்டி போச்சாலே?"ண்ணு கேப்பான். இல்லண்ணுவேன். "சரி, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு, சத்தம் கேப்போம்"ண்ணுவான். சைலன்சருக்குப் பக்கத்துல போனப் பிடிப்பேன். அதுக்குப் பொறவு அங்க உள்ள சூடு, அவன் தங்குத கேம்புல உள்ள மலையாளி, சோறு சரியில்லண்ணு பேச்சு போயிட்டே இருக்கும். போன வைக்கவே மனசு வராது, ரெண்டு பேருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிப்பு பிரயோசனப்படுமாண்ணு கேக்கியள்லா, இந்த ஒரு வண்டியில எனக்கு நல்லாவே படுகு, ஏண்ணா அத விக்க விடாம வாறவன எல்லாம் அந்தச் சிப்பச் சொல்லியே விரட்டி விடுகது நான்தான்.