உரசி

ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில் நான் ஒரு ராட்சசியை உருவாக்கினேன். படக்கதைகளிலும் செல்போன் விளையாட்டுகளிலும் ஆம்பிளைகளே அடித்துக்கொண்டு கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பிள்ளை அல்லவா, என் ராட்சசிக்கு வாளும் வேலும் தேவைப்படவில்லை. அவள் உடம்பெல்லாம் தீக்குச்சி மருந்து. விரலோடு விரலை உரசினால் குப்பென்று பற்றிக்கொள்வாள். எதிரி, சொந்தக்காரர் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். எல்லாரையும் எரித்துவிட்டுத்தான் அணைவாள். பெயர் உரசி.

முகத்துக்கு மாதிரி என் அத்தை. அப்பாவின் தங்கை, இடைசெவலில் வாழ்க்கைப்பட்டவள், வாயில்லாப் பூச்சி. அவளிடம் இருந்த ஒரே பயங்கரம், காதுக்குக் கீழே கழுத்து வரைக்கும் இறங்கிய தீத்தழும்பு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கையில் பட்டது என்று மாமா சொல்லியிருந்தார். எல்லாரும் அதையே சொன்னோம்.

அந்த லீவில் அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் காலையில் மாமா, உரசியை வரைந்திருந்த என் நோட்டைப் புரட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ, இங்கன வந்து பாரு. ஒன்னயத்தான் வரஞ்சிருக்கா. பேயி கணக்கா இருக்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இவள யாரு உரசுனது?"

"யாருமில்ல அத்தை. அவளே உரசிக்கிடுவா."

"தன்னால பத்துத குச்சிய நான் பாத்ததே இல்லயே" என்றாள், மாமாவைப் பார்த்து.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டைப் பிடுங்கி, முற்றத்தில் பருத்திமார் விறகு எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்புக்குள் எறிந்தார். நான் அழக்கூட மறந்து நின்றேன். அத்தை ஓடிப்போய் அடுப்புக்குள் கையை விட்டு நோட்டை இழுத்தாள். வெறுங்கையாலேயே அடித்து அணைத்தாள். பிறகு ஒரு கத்து கத்தினாள்.

"இன்னொருக்கா நெருப்புப் பக்கம் ஒம்ம கை போச்சு, பொறவு நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

மாமா பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டார். ஒரு நோட்டுக்காகவா இவ்வளவு கோபம் என்று திகைத்துப்போனேன்.

அம்மா அத்தையின் உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டே புலம்பினாள். "பத்து வருசம் பெட்டியில குச்சி அடச்ச கையி. தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு கொப்புளம் கண்டதில்ல. இன்னிக்கு ஒரு நோட்டுக்குப் போயி..."

கையில் ஒரு தழும்புகூட இல்லாத ஒருத்திக்குக் கழுத்தில் மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புண்ணை ஊதிவிட்டபடி, கருகாமல் மிஞ்சிய பக்கத்தில் உரசியின் கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கறுப்புத் தீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.