வீரமலையின் வெள்ளைத் துண்டு

தலையிலிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் வீரமலை. எங்காவது புகை ஒழுகினால் துண்டு படபடக்கும், கறுக்கும். "புள்ளைக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாக்கிற மாதிரிங்க" என்பார். பதுளையில் ஹாஷிம் முதலாளியின் அரிசிக்கடைக்குப் பின்னால் காலைதோறும் நடக்கும் இந்த வைத்தியம் முடியாமல் லொறி நகராது. அதே கடையில் சிப்பந்தியான நானும் சேர்ந்துதான் வாயைப் பொத்திக்கொண்டு காத்து நிற்க வேண்டும்.

ஆள் குள்ளம். நாற்பது வயதிருக்கும். பாதி வயது நமுனுகுலத் தோட்டமொன்றில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே போயிற்று. அங்கே தொழிற்சாலை எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனவர், அதன் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் கற்றுக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். இப்போது கடைத்தெருவில் அவர் 'லொறி பாஸ்', லொறி பழுதுபார்க்கும் மேஸ்திரி. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் காது கேட்காது!

ஒரே ஓர் இடத்தில்தான் மனிதர் சுருங்கிப் போவார். தோட்டத்தில் பெரிய கங்காணி எதிரே வந்தால் தொழிலாளிகள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது வழக்கம். அரிசி ஏற்றிக்கொண்டு மேலே போகிற வீரமலையும் அங்கே கக்கத்தில் துண்டோடுதான் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லொறி, யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. அதன் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு 'மேனிபோல்ட்' என்று பெயர். ஒன்று பெட்ரோல் ஆவியை உள்ளே விடும். மற்றது புகையை வெளியே தள்ளும். இரண்டும் தேய்ந்து, எஞ்சினோடு பொருந்தும் முகம் கோணிவிட்டது. போன மாதம் வீரமலை அந்த இடுக்கில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத் தகட்டை வெட்டி வைத்தார். தோட்டத்து மூளை! மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் ஈயம் உருகிச் சொட்டி, லொறி மூச்சடைத்து நின்றது. இருபது மூட்டை அரிசியும் ஆட்களின் தலையில் மலையேறிற்று. அன்று தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களில் அடுப்பு எரியப் பொழுது சாய்ந்துவிட்டது.

"இன்னொரு தரம் மலையில நின்டா, லொறிய இரும்பு வெலைக்குத் தள்ளிட்டு மாட்டு வண்டியப் பூட்டிக்குவேன், வெளங்கிச்சா?" என்றார் முதலாளி. கங்காணி சிரித்துக்கொண்டே, "கவ்வாத்துக் கத்தி ஒனக்காகத்தாண்டா காத்துக்கிட்டு இருக்கு. காலையில பெரட்டுக்கு வந்து பேரு குடு" என்றாராம். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் பதிவது; இதை வீரமலையே சொன்னார்.

கொழும்பில் உடைத்துப் போட்ட இன்னொரு லொறியிலிருந்து இரண்டு மேனிபோல்ட் வந்தன. அவையும் சமமாக இல்லை. வீரமலை ஒரு கண்ணாடிப் பலகையில் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசி, இரும்பின் முகத்தை அதன்மேல் வைத்து எடுத்தார். சிவப்பு ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் அரத்தால் ராவினார். மூன்று நாள் இதே வேலை. மனைவி பூவம்மா தன் குங்குமச் சிமிழைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"நெத்திக்கு வைக்கிறத இரும்புக்கு வைக்கிறீங்களே, அடுக்குமா?"

"வச்சாத்தான் எங்க முட்டுதுன்னு அது சொல்லும். ஒனக்கு வேற வாங்கித் தர்றேன், போ."

இந்த முறை ஈயம் இல்லை. ஓட்டைச் செம்புப் பானையின் அடியை வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கி, இடுக்கில் வைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டாக, அரைச் சுற்று, அரைச் சுற்று என்று முடுக்கினார். "அவசரப்பட்டா கோணிக்கும்ங்க."

வெள்ளிக்கிழமை இருபது மூட்டையோடு புறப்பட்டோம். சாரதி ஷுக்ரிக்குப் பக்கத்தில் நான். வீரமலை மட்டும் எஞ்சினுக்குக் காது கொடுத்தபடி படிக்கட்டில் தொற்றிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் மூவரும் மூச்சே விடவில்லை. லொறி உறுமிற்று, திரும்பிற்று, ஏறிற்று. "ஏறுதுங்க! ஏறுது!" என்று கத்தினார் மனிதர். நானே ராவிப் பூட்டியதைப் போல எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தோட்டத்து அரிசி ஸ்டோர் வாசலில் ஜனம் கூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தவிடாமல் குதித்து இறங்கிய வீரமலை, மூடியைத் திறந்து, துண்டை அவிழ்த்துப் பிடித்தார். அது அசையவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கரி இல்லை.

"என்னடா வீரமலை, வந்து சேந்துட்டியா?" கங்காணி எதிரே நின்றார்.

"வந்துட்டேங்க."

எல்லார் கண்களும் வீரமலையின் கக்கத்தைப் பார்த்தன. வீரமலை துண்டை ஒரு தடவை உதறினார். நிதானமாகத் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகிக்கொண்டார்.