நாலு கம்பிக்கு எவ்வளவு கொடுக்கலாம்

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று எனக்கே தெரியவில்லை. என் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியவற்றில் நீளமானது, வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்குக் கடைசியாகவே வந்து சேருகிறது என்று கமக்காரர் அமைப்புக்கு எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம்தான். அதற்கும் பதில் வரவில்லை. ஆகவே வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் எதுவும் இதில் இல்லை. ஒரு பேஸ் கிற்றாருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று நான் மூன்று கிழமை பயந்துகொண்டு திரிந்ததுதான் விஷயம்.

எங்கள் வயல் இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கிறது. வயலைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிளிநொச்சிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடுகிற ஒரு சிறிய இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். அதில் நாலு தடித்த கம்பிகள் இருக்கும். பாட்டின் அடியில் ஓடுகிற கனத்த சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. பாடுகிறவரைச் சனம் பார்க்கும். டிரம்ஸ் அடிக்கிறவரைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் என்னால் மேடையில் நிற்க முடிந்தது.

முதலில் நான் அந்தக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கிய ஆள். பேஸ் வாசித்தவர் கனடாவுக்குப் போனபோது கிற்றாரை விட்டுவிட்டுப் போனார். "எல்லாப் பாட்டும் உங்களுக்குப் பாடம்தானே அண்ணை, பிடியுங்கோ" என்று குழுத் தலைவர் அதை என் கையில் தந்தார். பிடித்தேன். ஒன்பது வருடம் போய்விட்டது.

இந்தச் சித்திரை வெயிலில் அந்தக் கிற்றார் கெட்டுப்போனது. தகரக் கொட்டிலில் வைத்திருந்தது என் பிழை. கழுத்து வில்லுப் போல வளைந்து, கம்பிகள் ஒரு விரல் உயரத்துக்குக் கிளம்பி நின்றன. திருத்துகிறவர் ஒருவர் கண்ணை அதன் நீளத்துக்கு ஓடவிட்டுப் பார்த்து, "அடுப்புக்கு நல்லது" என்றார்.

குழுத் தலைவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். நான் போய்ச் சொன்னதும் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே, "அதுக்கு ஏன் அண்ணை முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறீங்கள்? ஆனித் திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு மேலை கிடக்கு. உங்களிட்டைச் சாமான் இல்லாட்டி மாஸ்டர் இடதுகையாலை சமாளிப்பார்" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மாஸ்டர் என்பவர் எங்கள் கீபோட்காரர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். வலது கையால் பாட்டையும் இடது கையால் பேஸ் சத்தத்தையும் வாசித்துவிடுவார். கொஞ்சம் தட்டையாக இருக்கும். ஆனால் திருவிழாச் சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு முறை நான் இல்லாமல் நடந்துவிட்டால், அடுத்த முறை என்னைக் கூப்பிட அவர்களுக்குக் காரணம் இருக்காது. ஒரு ஆளின் சம்பளமும் மிச்சம். அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். கூப்பிட மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

வங்கியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. அது வீட்டு உட்சுவர் பூசுவதற்கு. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. வெளிச்சுவர் பூசியாயிற்று, உள்ளே இன்னும் கல் தெரிகிறது. சாய்ந்து இருந்தால் முதுகுச் சட்டையில் சீமெந்துத் தூள் ஒட்டும். மேசனுக்கும் சொல்லிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபது வருடமாக நானும் மனைவியும்தான். அதனால் நாங்கள் எதை வாங்கினாலும் ஊரில் ஒரு கதை வரும். போன வருடம் இரண்டாவது மின்விசிறி வாங்கியபோது பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் பார்த்து, "ரண்டு பேருக்கு ரண்டு ஃபானோ? உங்களுக்கென்னப்பா, பிள்ளை குட்டியே செலவுக்கு!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனைவியும் சிரித்தாள். பிறகு அந்த மின்விசிறியை ஒரு மாதம் போடவில்லை.

மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைத் தொடங்கினேன்.

"உது எவ்வளவு வரும்?" என்றாள்.

"ஒரு நாப்பது வரும்."

அடுத்த நாள் நாற்பத்தைந்து என்றேன். அதற்கு அடுத்த நாள், அம்பதுக்குள் முடித்துவிடலாம் என்றேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் என்ன ஏலமோ கூறுறீங்கள்? விடிய விடிய ஏறுது."

"விசாரிச்சனான். அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

நான் யாரையும் விசாரிக்கவில்லை. தொலைபேசியில் படங்களைப் பார்த்தேன். முப்பதாயிரத்திலும் இருந்தது, மூன்று லட்சத்திலும் இருந்தது. இரண்டும் ஒரே சிவப்பு. சிறுபோகத்துக்கு விதைத்திருந்த நேரம். வரம்பில் நின்று தண்ணீர் திருப்பும்போதும் தலைக்குள் இலக்கங்கள்தான் ஓடின. மலிவானதை வாங்கி அது இரைந்தால், மாஸ்டரின் இடது கையே நல்லது என்று ஆகிவிடும். விலை கூடியதை வாங்கி என் விரல்கள் இன்னும் இரண்டு வருடத்தில் விறைத்துப்போனால், பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது.

வங்கியில் காசு எடுக்கும் படிவத்தில் ஐம்பதாயிரம் என்று எழுதினேன். கிழித்துவிட்டு வேறொன்றில் எண்பத்தையாயிரம் என்று எழுதினேன். ஏன் எண்பத்தைந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு லட்சம் என்று எழுதப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, ஐம்பது எடுத்தேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் கடைகள் கூட. ஆனால் அங்கே மனைவியின் உறவுக்காரர் யாராவது எதிர்ப்பட்டு எங்கே, என்ன, ஏன் என்று கேட்பார்கள். அதனால் வவுனியாவுக்குப் போனோம். மனைவி தானும் வருகிறேன் என்றாள். "நீங்கள் தனியப் போனா அவன் சொன்ன விலையைக் குடுத்துப்போட்டு, நன்றியும் சொல்லிப்போட்டு வருவீங்கள்" என்றாள். அது உண்மை.

கடை சிறியது. கண்ணாடி அலுமாரிக்குள் புல்லாங்குழல்களும் மவுத் ஓர்கன்களும் இருந்தன. சுவரில் கிற்றார்கள் தொங்கின. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான் பேஸ் கிற்றார் இருக்கிறதா என்று கேட்டதும் என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"மகனுக்கோ அண்ணை?"

நான் "ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். மகனுக்கு என்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எனக்கு என்றால் இந்த வயதில் உங்களுக்கு ஏன் என்ற ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்து சொன்னேன். மனைவி பக்கத்தில் நிற்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை.

"என்ன வயது?"

"பத்தொன்பது" என்றாள் மனைவி. அவளுக்குக் கணக்குப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

"பழகப் போறாரோ அக்கா, இல்லாட்டி வாசிப்பாரோ?"

"நல்லா வாசிப்பான்."

"அப்ப ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. கையிலை பிடிச்சுப் பாத்து எடுக்கிற சாமான்."

"அவன் வரமாட்டான் தம்பி. சரியான கூச்சம். சனத்துக்கு முன்னாலை வாய் திறக்கான். ஏதும் வேணுமெண்டாலும் கேக்கத் தெரியாது, பொய்தான் சொல்லுவான். தகப்பன்ரை குணம் அப்பிடியே."

கடைக்காரர் சிரித்தார். நான் புல்லாங்குழல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது சுட்டது.

அவர் இரண்டை இறக்கினார். ஒன்று புதியது, நாற்பத்தெட்டாயிரம். மற்றது யாரோ கொஞ்சக் காலம் வாசித்துவிட்டுக் கொடுத்த ஜப்பான் சாமான், தொண்ணூற்றிரண்டாயிரம். மனைவி சுவரில் தொங்கிய ஒரு சாதாரணக் கிற்றாரைக் காட்டினாள்.

"உதிலை ஆறு கம்பி கிடக்கு, முப்பத்தெட்டு எண்டு போட்டிருக்கிறீங்கள். இது நாலு கம்பி, தொண்ணூற்றிரண்டோ? மற்ற ரண்டு கம்பியும் எங்கை?"

"அக்கா, கம்பியை எண்ணியே விலை சொல்லுறது?"

"பின்னை?"

"நீங்கள் சீலை எடுக்கேக்கை நூலை எண்ணியே எடுக்கிறனீங்கள்?"

"நான் எண்ணுவன்" என்றாள் மனைவி. "இவருக்கும் கொஞ்சம் பிடிக்கத் தெரியும். ஒருக்காப் பிடிச்சுப் பாக்கட்டும்."

கடைக்காரர் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் செருகித் தந்தார். முதலில் மலிவானதை மடியில் வைத்தேன். கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில் விரலை அழுத்தியபோது கம்பி எங்கோ பட்டு இரைந்தது. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரைச்சல் போகவில்லை. பிறகு மற்றதை எடுத்தேன். தடித்த கம்பியை ஒரு முறை தட்டினேன். சத்தம் வயிற்றுக்குள் போனது. அலுமாரிக் கண்ணாடி மெல்ல நடுங்கியது. நான் அதற்கு மேல் வாசிக்காமல் உடனே கீழே வைத்தேன். இன்னும் வாசித்தால் ஆசை வந்துவிடும் என்று பயம்.

"மலிஞ்சதே போதும்" என்றேன்.

கடைக்காரர் மேசை லாச்சியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். புதிய சாமானுக்கு ஒரு வருட உத்தரவாதம் உண்டாம்.

"வாசிக்கிற ஆளின்ரை பேரிலைதான் எழுதவேணும். மகன்ரை பேரைச் சொல்லுங்கோ."

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். வயதைச் சொன்னது போல மனைவி பெயரையும் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் சொல்லவில்லை. வெளியே, வீதியைப் பார்த்தாள். அவள் மனதில் ஒரு பெயர் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கடையில், ஒரு அட்டைக்காக, அதை அவள் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"எங்களுக்குப் பிள்ளை இல்லை தம்பி" என்றேன். "எனக்குத்தான். நான்தான் வாசிக்கிறது. பொய் சொல்லிப்போட்டன், குறை நினைக்காதேங்கோ."

அவர் பேனையை மூடினார். நான் எதிர்பார்த்த பார்வை வந்தது, ஆனால் அது கோபத்துடன் வந்தது.

"உங்களுக்கெண்டா உதை ஏன் எடுக்கிறீங்கள்? ஐஞ்சாம் கட்டத்திலை இரைஞ்சது கேட்டதோ இல்லையோ?"

"கேட்டது."

"பழகுற பிள்ளைக்கெண்டு நினைச்சுத்தான் நானும் பேசாமல் இருந்தனான். உதைக் கொண்டு போய் மேடையிலை வாசிச்சா எனக்கும் பேர் கெடும்."

மனைவி திரும்பினாள். "எவ்வளவு கொண்டு வந்தனீங்கள்? உண்மையைச் சொல்லும்" என்றாள். எனக்கு அவள் எப்போதும் மரியாதைப் பன்மைதான் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும்தான் 'சொல்லுங்கோ' இப்படிச் 'சொல்லும்' ஆகும்.

"எண்பத்தைஞ்சு."

"வீட்டிலை அம்பது எண்டீங்கள்."

"ஓம்."

"சரி" என்றாள். அதோடு என்னை விட்டுவிட்டுக் கடைக்காரரோடு தொடங்கினாள். யாரோ பாவித்த சாமான், உத்தரவாதமும் இல்லை, பின்பக்கத்தில் கீறல், உறை பழசு, நாங்கள் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரர் எண்பத்தெட்டுக்கு இறங்கினார். பிறகு எண்பத்தாறு. அவள் கைப்பையைத் தூக்கித் தோளில் போட்டு வாசல் வரை போனாள். நான் எழும்பவில்லை. எழும்பியிருக்க வேண்டும் என்று பிறகு திட்டு வாங்கினேன். எண்பத்து மூன்றுக்கு முடிந்தது. நான் காசை எண்ணியபோது எண்ணிக்கை தவறி, இரண்டாம் தரம் கடைக்காரர்தான் எண்ணினார்.

பஸ்ஸில் அதை இருவர் மடியிலும் நீளத்துக்கு வைத்துக்கொண்டு இருந்தோம். மாங்குளம் வரும் வரை நான் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண்பத்து மூவாயிரம். இந்தக் காசுக்கு உட்சுவரில் முக்கால்வாசி முடிந்திருக்கும். குழுத் தலைவர் ஏற்கனவே மாஸ்டரிடம் சொல்லிவிட்டிருந்தால்? மாஸ்டர் அதற்குள் பாட்டுகளைப் பழகிவிட்டிருந்தால்?

"பூச்சுக்கு என்ன செய்வம்?" என்றேன்.

"சுவர் எங்கையும் ஓடாது. மேசனுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

கொஞ்சம் கழித்து, "அந்தக் கடைக்காரத் தம்பியிட்டை நான் வயதைச் சொன்னது…" என்று தொடங்கினாள். பிறகு முடிக்காமல் யன்னலைக் கொஞ்சம் திறந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்பது இப்போது எழுதும்போதும் தெரியவில்லை. கிற்றாரின் உறை வழுக்கிக்கொண்டே இருந்தது. இருவரும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த நாள் பின்னேரம் ஒத்திகை இருந்தது. போனேன். பதினொரு பாட்டு வாசித்தோம். முடிந்ததும் குழுத் தலைவர் கோயில்காரருக்குத் தொலைபேசி எடுத்து, திருவிழாவன்று ஏழு பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று சொன்னார். என்னையும் சேர்த்தால் ஏழு.